வரைபடத்தில் பின்னோக்கித் தாவும் வண்டி: ஏபிஆர்எஸ் தடங்களை எவ்வளவு நம்பலாம்?

பதிவு 1: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஒன்றுக்கு எங்கள் குழு சென்ற வாரம் தகவல் தொடர்பு உதவி செய்தது. ஒன்பது துணை வண்டிகள், வழியில் நிலையாக அமைத்த இரண்டு இடங்கள் என மொத்தம் பதினொரு நிலையங்கள். எல்லாவற்றிலும் இருப்பிடத்தை ஏபிஆர்எஸ் (அமெச்சூர் வானொலியில் இருப்பிடத்தையும் குறுஞ்செய்திகளையும் பகிரும் முறை) வழியாகத் தானே அனுப்பும் கருவி பொருத்தியிருந்தோம். கட்டுப்பாட்டு மேசையில் வரைபடத்தின் முன் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவன் நான்.

மூன்று குறைகள் கண்ணில் பட்டன. தண்ணீர் ஏற்றிச் சென்ற வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, வரைபடத்தில் திடீரென்று மூன்றரை கிலோமீட்டர் பின்னால் தெரிந்தது. அடுத்த நிமிடமே பழையபடி முன்னால் வந்து நின்றது. இப்படி ஐந்தாறு முறை நடந்தது. நான்காம் எண் வண்டி இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்றதாகக் காட்டியது. குரலில் அழைத்துக் கேட்டால், ஓட்டுநர் நிற்கவே இல்லை என்கிறார். மூன்றாவதாக, நிலையான இடங்களில் ஒன்று உண்மையான இடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தெரிந்தது.

எல்லாக் கருவிகளும் 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்திருந்தோம். ஒவ்வொரு செய்தியையும் வழியில் உள்ள நிலையங்கள் எத்தனை முறை மறுஒலிபரப்ப வேண்டும் என்று சொல்லும் வழித்தடம் வைட்1-1, வைட்2-2. அடிக்கடி அனுப்பினால் தடம் தெளிவாக இருக்கும் என்பதே எங்கள் எண்ணம். அடுத்த மாதம் இன்னொரு பயணம் இருக்கிறது. காயமடைந்த ஒருவரிடம் எந்த வண்டியை அனுப்புவது என்பதை இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறோம் என்பதால், இந்தக் குறைகளின் காரணம் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பதிவு 2: பழையசாவி

நண்பர் நெடுவழிக்கு வணக்கம். மூன்றும் மூன்று வேறு நோய்கள் என்று தோன்றுகிறது. எளிதானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தவறான இடத்தில் தெரிந்த நிலையான நிலையத்தின் இருப்பிடத்தை யாரேனும் கையால் தட்டச்சு செய்தார்களா? ஏபிஆர்எஸ் இருப்பிட வடிவம் டிகிரியையும் நிமிடத்தையும் நிமிடத்தின் நூறில் ஒரு பங்கையும் எதிர்பார்க்கிறது. நாம் கைப்பேசியிலிருந்து எடுத்து எழுதுவதோ தசம டிகிரி. ஓர் அட்சரேகையில் புள்ளிக்குப் பின் 5833 என்று இருந்தால், அதை 60ஆல் பெருக்கி 35.00 நிமிடம் என்று எழுத வேண்டும். பெருக்காமல் 58.33 என்று அப்படியே இட்டுவிட்டால் 23.33 நிமிடம் கூடிவிடும். ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஆகவே பிழை ஏறத்தாழ 43 கிலோமீட்டர். நீங்கள் சொல்லும் தொலைவும் அதுதான்.

புள்ளிக்குப் பின் 75 என்று இருந்திருந்தால், 75 நிமிடம் என்பது இருக்கவே முடியாது என்பதால் மென்பொருள் அந்தப் பொட்டலத்தை (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டை) ஏற்காது. நிலையம் வரைபடத்தில் தோன்றவே தோன்றாது, உங்களுக்கும் உடனே ஐயம் எழும். 60க்குக் கீழே விழும் பிழைதான் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. தீர்க்கரேகைக்கு டிகிரி மூன்று இலக்கம் என்பதையும் உங்கள் குழுவினருக்குச் சொல்லி வையுங்கள். முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிடுபவர்கள் நிறைய.

பின்னோக்கித் தாவும் வண்டிக்கு, அந்த நேரத்தில் வந்த மூலப் பொட்டலங்களை வரிசையாகப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏபிஆர்எஸ்.எஃப்ஐ போன்ற தளங்களில் நிலையத்தை அடையாளம் காட்டும் ஒவ்வோர் அழைப்புக்குறிக்கும் மூலப் பொட்டலப் பட்டியல் கிடைக்கும். அதை எடுத்துப் பாருங்கள். வரைபடத்தில் நாம் பார்ப்பது வண்டியை அன்று. வண்டி அனுப்பிய சொற்களில் எவையெல்லாம், யார் வழியாக, எந்த நேரத்தில் நம் காதில் விழுந்தன என்பதைத்தான் பார்க்கிறோம்.

பதிவு 3: குறுக்கலை

பழையசாவி அவர்கள் கேட்ட பட்டியல் வரட்டும். அதற்கு முன், 30 வினாடி என்ற அந்த எண்ணைப் பற்றி நான் பேச வேண்டும், ஏனென்றால் நான்காம் எண் வண்டியை மறைத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மீ உயர் அலைவரிசையில் ஏபிஆர்எஸ் 1200 பாட் வேகத்தில் ஓடுகிறது. 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பும் பழைய பெல் 202 மோடம் முறைதான் அது. உங்கள் பொட்டலத்தில் அனுப்புநர், பெறுநர் முகவரிகளுக்கு ஏழேழு பைட், இரண்டு வழித்தடப் பெயர்களுக்கு ஏழேழு பைட், இருப்பிடமும் குறிப்பும் சேர்ந்து ஒரு நாற்பத்தைந்து, கட்டுப்பாட்டுக்கும் சரிபார்ப்புக்கும் சில என்று கூட்டினால் எண்பது பைட்டை நெருங்கும். அதை அனுப்ப அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு முன், அனுப்பும் கருவி முழு ஆற்றலுக்கு வரவும் கேட்கும் கருவியின் ஸ்கெல்ச் (குறிகை இல்லாதபோது இரைச்சலை அடக்கும் சுற்று) திறக்கவும் 0.3 வினாடி விட்டிருப்பீர்கள். ஆக ஒரு பொட்டலம் அலைவரிசையை 0.8 வினாடி பிடித்துக்கொள்கிறது.

பதினொரு நிலையங்கள் நிமிடத்துக்கு இரண்டு முறை அனுப்பினால் 22 பொட்டலம், 17.6 வினாடி. இதுவரை தாங்கும். ஆனால் வைட்1-1, வைட்2-2 என்ற வழித்தடம் மூன்று முறை மறுஒலிபரப்புக் கேட்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு டிஜிபீட்டர்தான் (கேட்ட பொட்டலத்தை மறுஒலிபரப்பும் நிலையம்) இருக்கிறது, அவை எல்லாம் ஒன்றையொன்று கேட்கும் தொலைவில் இருக்கின்றன என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 70 வினாடிக்கு மேல் வருகிறது. ஒரு நிமிடத்தில் இருப்பதோ 60 வினாடி. இதில் உங்கள் குழுவைச் சேராத நிலையங்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஒருவரையொருவர் கேட்காமல் அனுப்பும் நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிரும்போது என்ன நடக்கும் என்பது, ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பின் காலத்திலேயே கணக்கிடப்பட்ட ஒன்று. அந்த முறையில், மிகச் சிறந்த நிலையிலும் அலைவரிசையின் நேரத்தில் சுமார் 18 விழுக்காடு மட்டுமே மோதலின்றிப் போய்ச்சேரும். அதற்கு மேல் நெருக்கினால், போய்ச்சேருவது கூடாது, குறையும். அனுப்பும் முன் கேட்கும் கருவிதானே என்று நீங்கள் சொல்லலாம். மலையின் இந்தப் பக்கத்து வண்டிக்கு அந்தப் பக்கத்து வண்டி கேட்காது. இரண்டையும் கேட்பது உச்சியில் இருக்கும் டிஜிபீட்டர் மட்டும். இருவரும் அமைதி என்று நம்பி ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். பண்பலையில் வலுவான குறிகை மெலிந்ததை அழுத்திவிடும் என்பதால், மோதலில் இரண்டுமே அழிவதில்லை, ஒன்று பிழைக்கும். ஆனால் எப்போதும் தோற்கும் அந்த மெலிந்த வண்டி எது? உங்கள் நான்காம் எண்.

பதிவு 4: மலைமுகடு

குறுக்கலை அவர்களின் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் ஒரு வண்டி மட்டும் இருபது நிமிடம் காணாமல் போனால், அந்த வண்டிக்குள்ளும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் பொருத்திய கருவி ஒரு கையடக்கக் கருவியின் ஒலிவாங்கித் துளைக்குள் ஒலியை ஊட்டியது. பக்கத்தில் இன்னொரு கருவியை வைத்துக் கேட்டால் கணீரென்று கேட்டது. நல்ல சத்தம் என்று மகிழ்ந்தேன். வாரக்கணக்கில் பத்தில் ஒன்றுதான் வரைபடத்துக்கு வந்தது. ஆன்டெனாவை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், மின்கலத்தை மாற்றினேன். கடைசியில் அளவுமானி வைத்திருந்த ஒருவர் பார்த்தபோது டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸை முட்டிக்கொண்டிருந்தது. கருவியின் உள்ளே இருக்கும் வரம்புச் சுற்று அலையின் தலையை வெட்டிக்கொண்டிருந்தது. ஒலியளவுத் திருகை அவர் மெல்லத் திருப்பி 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினார். காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டதுபோல் இருந்தது. அடுத்து அனுப்பிய பொட்டலமும் அதற்கடுத்ததும் அதற்கடுத்ததும் அப்படியே வரைபடத்தில் விழுந்தன.

மனிதக் குரல் சற்றுச் சிதைந்தாலும் நாம் புரிந்துகொள்வோம். இந்தப் பொட்டலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண் மட்டுமே உண்டு, பிழையைத் திருத்தும் வழி ஏதும் இல்லை. அறுநூறு பிட்டில் ஒன்று தவறினாலும் முழுப் பொட்டலமும் குப்பைக்குப் போகும். ரீட்–சாலமன் திருத்தத்தைச் சேர்க்கும் எஃப்எக்ஸ்.25 என்ற நீட்சி இருக்கிறது, டயர்வுல்ஃப் போன்ற மென்பொருள்கள் அதை அறியும். ஆனால் வழியில் உள்ள எல்லா நிலையங்களும் அதை அறியும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காம் எண் வண்டியில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கருவி முன்கண்ணாடிக்கு அடியில் குட்டை ஆன்டெனாவோடு கிடந்ததா, கூரையில் ஆன்டெனா இருந்ததா? மின்சிக்கன முறை இயக்கத்தில் இருந்ததா? அனுப்பும்போது ஜிபிஎஸ் தன் பிடியை இழந்ததா? அனுப்பும் ஆன்டெனாவை ஜிபிஎஸ் கருவியின் அருகிலேயே வைத்தால் அப்படி நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அதன் விளக்கு அணைந்து, மீண்டும் செயற்கைக்கோள்களைத் தேடத் தொடங்கும்.

பதிவு 5: நெடுவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழையசாவி ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நிலையான இடத்தின் அட்சரேகையைத் தசமத்திலேயே இட்டிருக்கிறார்கள். இட்டவன் நானே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர் வண்டியின் மூலப் பொட்டலங்களை எடுத்துப் பார்த்தேன். ஓர் இருப்பிடம் 10:14:06க்கு ஒரு டிஜிபீட்டர் வழியாக வந்திருக்கிறது. அதன் பின் ஆறு புதிய இருப்பிடங்கள் வந்திருக்கின்றன. பிறகு 10:17:40க்கு, முதலில் வந்த அதே இருப்பிடம், எழுத்து மாறாமல், வேறொரு டிஜிபீட்டரின் அழைப்புக்குறியைத் தாங்கி மீண்டும் வந்திருக்கிறது. இடைவெளி 3 நிமிடம் 34 வினாடி. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடியது என்று வைத்தால், அந்த நேரத்தில் அது கடந்திருக்கும் தூரம் சரியாக நான் பார்த்த மூன்றரை கிலோமீட்டர். மற்ற தாவல்களிலும் அதே இரண்டாவது டிஜிபீட்டரின் பெயர்தான் இருக்கிறது. ஒரே பொட்டலம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை வலையமைப்பு தள்ளிவிடும் என்று படித்த நினைவு. இங்கே ஏன் தள்ளவில்லை?

பதிவு 6: பழையசாவி

இவ்வளவு தெளிவாகப் பிடித்துக்கொண்டு வந்ததற்குப் பாராட்டுகள். இனி சொல்வது எளிது.

நகல்களைத் தள்ளும் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது: டிஜிபீட்டரிலும், ஐகேட்டுகள் (வானொலியில் கேட்டதை இணையத்துக்குக் கடத்தும் நிலையங்கள்) கொண்டுவந்து சேர்க்கும் இணைய வலையமைப்பான ஏபிஆர்எஸ்-ஐஎஸ் சேவையகத்திலும். இரண்டுமே அண்மையில் பார்த்ததை மட்டும் நினைவில் வைத்திருக்கும். வழக்கமான நினைவுக்காலம் 30 வினாடி. அதைத் தாண்டி வருவது அவற்றின் கண்ணுக்குப் புதிய பொட்டலம். 214 வினாடி கழித்து வந்த உங்கள் பொட்டலத்தை யாரும் நகல் என்று அறிந்திருக்க முடியாது.

வழக்கமான இருப்பிடப் பொட்டலத்தில் நேரம் எழுதப்படுவதில்லை என்பது அடுத்த செய்தி. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டும்தான் அது சொல்கிறது; எப்போது என்பதைக் கேட்பவர் தம் கடிகாரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார். நேரத்தையும் சேர்த்து அனுப்பும் வடிவம் தரநிலையில் உண்டு. ஆனால் பல வரைபட மென்பொருள்கள் பெற்ற நேரத்தையே நம்புகின்றன, ஏனெனில் கடிகாரம் தவறிய நிலையங்கள் அத்தனை இருக்கின்றன. ஏபிஆர்எஸ்.எஃப்ஐ தளம் ஒரு நிலையம் நம்ப முடியாத வேகத்தில் நகர்வதைக் கண்டால் அந்தப் பொட்டலத்தைத் தாமதமானது, வரிசை மாறியது என்று குறித்து ஒதுக்கிவிடும். உங்கள் மேசையில் ஓடிய மென்பொருளில் அந்தச் சல்லடை இல்லை போலும்.

அந்த இரண்டாவது டிஜிபீட்டர் ஏன் தாமதிக்கிறது? பெரும்பாலும், பொட்டலங்களைக் கணினியிடமிருந்து அப்படியே வாங்கி அனுப்பும் கிஸ் முறையில் இயங்கும் டிஎன்சி (வானொலி மோடம்) ஒன்று அலைவரிசை ஓய்வதற்காகக் காத்திருக்கும். ஓயாவிட்டால் பொட்டலத்தைத் தூக்கி எறியாது. வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். ஓய்ந்ததும் அடுக்கில் இருப்பதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிடும். குறுக்கலை அவர்கள் கணக்கிட்டுக் காட்டிய நெரிசலில் ஓய்வு கிடைப்பது அரிது. அதோடு, வெறும் இரைச்சலையே யாரோ பேசுவதாக எடுத்துக்கொள்ளும் பழைய டிஎன்சியாகவும் இருந்து, ஸ்கெல்ச் முழுவதும் திறந்தும் இருந்தால், அது மணிக்கணக்கில் வாய் திறக்காமலும் இருக்கும். அந்த நிலையத்தை நடத்துபவருக்குப் பணிவாக ஒரு மடல் எழுதுங்கள். நீங்கள் எடுத்த இரண்டு வரிகளையும் அப்படியே இணையுங்கள். தம் நிலையம் பிறருக்கு உதவ வேண்டும் என்றுதான் அவரும் தம் நேரத்தைச் செலவிடுகிறார். ஆதாரத்தோடு சொன்னால் எவரும் திருத்திக்கொள்வார்.

இன்னொரு நுட்பம். சேவையகம் முதலில் வந்த நகலை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஆகையால் வரைபடத்தில் ஒரு டிஜிபீட்டரின் பெயர் வராததைக் கொண்டு, அது கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்டிருக்கலாம், அரை வினாடி பிந்தியிருக்கலாம்.

பதிவு 7: ஈரலை

ஒரு கேள்வியைத் தயக்கத்தோடு கேட்கிறேன். இத்தனை சிக்கல் எதற்கு? எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இருப்பிடத்தைப் பகிரும் செயலி ஒன்று போதாதா? 1200 பாட் முறையை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மாற்றம் வேண்டும் என்றால் லோரா என்ற வானொலித் தரவு முறை இருக்கிறது. சிறிய ஆற்றலில் வெகுதூரம் போகிறது.

பதிவு 8: குறுக்கலை

கேட்க வேண்டிய கேள்விதான். செயலியால் வேலை முடியும் இடத்தில் செயலியையே பயன்படுத்துங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. நெடுந்தூரப் பயணங்கள் போகும் மலைச்சாலைகளில் கைப்பேசிக் கோபுரம் எட்டாத பள்ளங்கள் உண்டு. நமக்கு வேலை இருப்பது அங்கேதான்.

லோராவைப் பற்றிச் சொல்வதானால், ஐரோப்பாவில் 433.775 மெகாஹெர்ட்ஸில் இருப்பிடம் அனுப்பும் நிலையங்கள் வளர்ந்து வருகின்றன. அதன் உணர்திறன் வியக்கத்தக்கது. ஆனால் அந்தத் தூரத்துக்கு அது கொடுக்கும் விலை நேரம். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவல் எண் (குறிகையை நேரத்தில் எவ்வளவு நீட்டுவது என்ற அமைப்பு) 12 என்று வைத்தால் ஒரே ஒரு குறியீடு 32.8 மில்லிவினாடி எடுக்கும்; முழுப் பொட்டலம் பல வினாடி காற்றில் இருக்கும். 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் பழக்கத்தோடு அங்கே குடியேறினால், இன்னும் விரைவில் அந்த அலைவரிசையை மூடிவிடுவோம். பழக்கம் மாறாமல் கருவியை மாற்றுவதில் பயனில்லை.

பதிவு 9: பழையசாவி

ஈரலை அவர்களின் கேள்விக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் விடை சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த முறையின் பிறப்பே இந்த இழையின் தொடக்கத்தைப் போன்றதுதான்.

இதை உருவாக்கிய பாப் புரூனிங்கா அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றியவர், 2022இல் மறைந்தார். அவருடைய அழைப்புக்குறி டபிள்யூபி4ஏபிஆர். கடற்படையின் இருப்பிட அறிக்கைகளை வரைபடத்தில் இடுவதற்காக 1982இல் ஓர் ஆப்பிள் 2 கணினியில் தொடங்கினார். 1984இல் விக்-20 கணினியில் எழுதிய அடுத்த வடிவம், நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகளின் இருப்பிடத்தையும் நிலையையும் தெரிவிப்பதற்காகப் பயன்பட்டது. அன்று வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் கிடையாது. மனிதர்கள் பார்த்துச் சொன்னதைத்தான் தட்டச்சு செய்தார்கள். பெயரில் உள்ள ‘பி’ என்ற எழுத்தைத் தொடக்கத்தில் இருப்பிடம் என்று விரித்தவர், பிறகு பொட்டலம் என்று மாற்றினார். இது வண்டிகளைத் துரத்தும் முறை அன்று, களத்தில் உள்ள அனைவருக்கும் அப்போது தெரிய வேண்டியதை இருபுறமும் பகிரும் முறை என்பதைக் கடைசிவரை அவர் வலியுறுத்தினார்.

நெடுவழி அவர்களே, உங்கள் பயணத்தில் ஒன்பது வண்டிகளும் மேசைக்கு மட்டும் பேசின. மேசை அவற்றோடு பேசியதா? சாலையில் மரம் விழுந்த இடத்தை ஒரு பொருளாக, அதாவது ஒரு குறியாக, வரைபடத்தில் நட்டு எல்லா வண்டிகளின் திரையிலும் தெரியச் செய்யலாம். ஏற்புச் செய்தி திரும்பி வரும் குறுஞ்செய்தி அனுப்பலாம். மருத்துவர் எங்கே நிற்கிறார், எந்தக் குரல் அலைவரிசையில் அழைக்க வேண்டும் என்பதையும் அதே பொட்டலத்தில் எழுதலாம். அதைச் செய்தால், 30 வினாடித் தடத்தைவிட உங்களுக்கு அது பன்மடங்கு உதவும்.

பதிவு 10: மலைமுகடு

இடைவெளியைக் கூட்டினால் வளைவுகள் வெட்டுப்பட்டு, வண்டி வயல் நடுவே போவதாகத் தெரியுமே என்ற கவலை நெடுவழி அவர்களுக்கு வரும். ஹாம்ஹட் என்ற கருவியை உருவாக்கியவர்கள் கண்ட ஸ்மார்ட்பீக்கனிங் முறை அதற்காகவே பிறந்தது. வேகமாகப் போகும்போது அடிக்கடியும், மெல்லப் போகும்போது அரிதாகவும், நிற்கும்போது மிக அரிதாகவும் அனுப்பும். திசை மாறினால் காத்திராமல் அப்போதே அனுப்பும். எவ்வளவு திரும்பினால் அனுப்புவது என்பதும் வேகத்தைப் பொறுத்தது: குறைந்தபட்சத் திருப்பக் கோணத்தோடு, சரிவெண்ணை வேகத்தால் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். என் வண்டியில் கோணம் 10 டிகிரி, சரிவெண் 240. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது 22 டிகிரி திரும்பினால்தான் அனுப்புகிறது; 60இல் போகும்போது 14 டிகிரியே போதும். நேர்சாலையில் மூன்று நிமிடம் எதுவும் அனுப்பாமல் போனாலும், முடிச்சுகள் எல்லாம் வளைவுகளிலேயே விழுவதால் கோடு சாலையோடு ஒட்டிக்கொண்டே போகிறது. சில கருவிகளில் சரிவெண்ணைப் பத்தால் வகுத்து இட வேண்டும், வேகத்தின் அலகும் மாறும். கையேட்டைப் பார்த்துவிட்டு இடுங்கள்.

வழித்தடம் வைட்1-1, வைட்2-1 போதும். முதலாவது, தாழ்விடங்களில் உள்ள சிறு நிரப்பு டிஜிபீட்டர்களுக்கு. இரண்டாவது, உச்சியில் உள்ளவற்றுக்கு. உயரம் கூடக் கூட இந்த எண்ணைக் குறைக்க வேண்டும். பலூன் அனுப்பும் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பலூனுக்கு அடிவானமே 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அது மறுஒலிபரப்புக் கேட்டால், அந்த வட்டத்துக்குள் உள்ள டிஜிபீட்டர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். அங்கே வழித்தடமே தேவையில்லை.

பதிவு 11: குறுக்கலை

மலைமுகடு அவர்களோடு ஒரு செய்தியில் மாறுபடுகிறேன். தனி வண்டிக்கு ஸ்மார்ட்பீக்கனிங் சிறந்தது. ஒன்பது வண்டிகள் ஒரே வளைந்த சாலையில் அடுத்தடுத்துப் போகும்போது அது எப்போது அனுப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; கொண்டை ஊசி வளைவுகளில் எல்லா வண்டிகளும் சேர்ந்து பொழியும். குழுவாகப் போகும்போது நேரப் பங்கீட்டு முறையே மேல். ஜிபிஎஸ் எல்லோருக்கும் ஒரே கடிகாரத்தைத் தருகிறது. முதல் வண்டி ஒவ்வொரு நிமிடத்தின் 0ஆம் வினாடியில், அடுத்தது 6இல், அதற்கடுத்தது 12இல் என்று ஒதுக்கினால், ஒன்பதாவது வண்டி 48இல் அனுப்பும். மலையின் மறுபக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் முறையில் இன்னொருவர் பேச மாட்டார்.

பதிவு 12: மலைமுகடு

நியாயமான மறுப்பு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஜிபீட்டர் திரும்பச் சொல்வதும் அந்த ஆறு வினாடிக்குள் முடிய வேண்டும். இரண்டு கட்டம் என்றால் 0.8 வினாடி மூன்று முறை, 2.4 வினாடி, இடம் இருக்கிறது. நிற்கும் வண்டியும் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பதிவு 13: ஈரலை

என் முந்தைய கேள்விக்கு வந்த விடைகளை ஏற்கிறேன், குறிப்பாகச் செய்தியை இருபுறமும் பகிர்வது பற்றியதை. இன்னும் ஒரு கவலை பாக்கி. பயணம் முடிந்த பிறகு, துணை வண்டிகள் அவரவர் வீடு வரை தடம் விட்டுக்கொண்டே போயிருக்கின்றன. உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் அல்லவா?

பதிவு 14: பழையசாவி

பார்க்கலாம். பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கம் செய்வது அமெச்சூர் வானொலியில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை; திறந்த அலைவரிசையில் சொன்னதை யாரும் கேட்கலாம், சேமிக்கலாம். இருப்பிடத்தின் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விட்டு அனுப்ப அந்த வடிவம் இடம் தருகிறது. ஓர் இலக்கத்தை விட்டால் சுமார் 185 மீட்டர் மங்கல், இரண்டை விட்டால் 1.85 கிலோமீட்டர். வீட்டு நிலையத்துக்கு இரண்டை விடுவது நல்லது. வண்டிக்கு அதைவிட எளிய வழி, பயணம் முடியும் இடத்தில் கருவியை அணைத்துவிடுவது. அதை அணைக்கச் சொல்வது மேசையில் இருப்பவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். களைத்துப்போன ஓட்டுநருக்கு அது நினைவிருக்காது.

பதிவு 15: நெடுவழி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது பயணம் நேற்று முடிந்தது.

இருவரின் யோசனையையும் பங்கிட்டுக்கொண்டோம். மிதிவண்டிக் கூட்டத்தோடு மெல்லப் போகும் ஆறு வண்டிகளுக்கு நேரப் பங்கீடு, நிமிடத்துக்கு ஒருமுறை. முன்னும் பின்னும் தனியாக ஓடும் மூன்றுக்கு ஸ்மார்ட்பீக்கனிங். நிலையான இரண்டு இடங்களும் அரை மணிக்கு ஒருமுறை மட்டும். எல்லாவற்றுக்கும் வைட்1-1, வைட்2-1. சென்ற முறை நிமிடத்துக்கு 22 பொட்டலம் அனுப்பினோம்; இம்முறை பத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு குறைத்தும், மேசையில் வந்து சேர்ந்தவை சென்ற முறையைவிட அதிகம் என்பதைப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்தபோது, குறுக்கலை அவர்கள் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான்காம் எண் வண்டியின் ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றினோம். டீவியேஷனையும் அளந்தோம், 4.5 கிலோஹெர்ட்ஸ் இருந்தது, இறக்கினோம். ஆற்றோரப் பள்ளத்தில் மட்டும் நான்கு நிமிடம் மறைந்தது, பிறகு தவறாமல் வந்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் அடுத்த முறை ஒரு நிரப்பு டிஜிபீட்டரை நிறுத்தப் போகிறோம். நண்பகலில் ஒருவர் விழுந்து தோள்பட்டையில் அடிபட்டபோது, அந்த இடத்தைப் பொருளாக நட்டு மருத்துவ வண்டிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். ஏற்பு ஒன்பது வினாடியில் வந்தது. வண்டி திரும்பியதை அடுத்த பொட்டலத்திலேயே பார்த்தேன்.

தாமதித்த டிஜிபீட்டரை நடத்துபவர் என் மடலுக்கு மறுநாளே விடை எழுதியிருந்தார். பழையசாவி ஐயா ஊகித்தபடியே, பழைய டிஎன்சி, முழுவதும் திறந்த ஸ்கெல்ச். மழைக்காலத்தில் ஒருமுறை பழுதுபார்த்தபோது குமிழைத் திருப்பியவர், திரும்ப வைக்க மறந்திருக்கிறார். இரைச்சல் அடங்கும் சிறு இடைவெளிகளில் மட்டும் அது அடுக்கி வைத்ததை அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் ஸ்கெல்ச்சைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, இத்தனை நாளும் இது தமக்குத் தெரியாமல் போனதற்கு வருந்தி எழுதினார். நேற்று மட்டும் அந்த நிலையம் எங்கள் பொட்டலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சுமந்து வந்தது. அவற்றில் ஒன்றுகூடப் பிந்தி வரவில்லை.